திராட்சை நடுறதுக்கு முன்னாடி நாங்க காத்திருந்த ஒன்றரை வருஷம்

மூணாவது வருஷ கவாத்து (கொடியோட குச்சிங்களை வெட்டி விடுறது) பண்ணிட்டு இருந்தப்ப கடைசி நாலு வரிசையில மட்டும் குச்சிங்க பென்சில் தடிமன்கூட வரலைன்னு கவனிச்சோம். மத்த வரிசையெல்லாம் கம்பியில ரெண்டு பக்கமும் கை நீட்டி நிக்குது, இதுங்க மட்டும் முழங்கால் உயரம். தண்ணி குறையா இருக்கும், உரம் பத்தலையா இருக்கும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம். மாமா (என் மனைவியோட அப்பா) எதுவும் பேசாம கடப்பாரையை எடுத்து ஒரு கொடியை சுத்தி மெதுவா தோண்டி வேரோட வெளிய எடுத்து தரையில வச்சாரு. வேர் எல்லாம் ஒரே பக்கமா மடங்கி, தூண்டில் முள்ளு மாதிரி நுனி மேல பாத்து வளைஞ்சிருந்துச்சு. மூணு வருஷமா அந்தச் செடி கீழ போக வழி தெரியாம குழிக்குள்ளயே சுத்தி சுத்தி வந்திருக்கு. குழியோட சுவரைத் தொட்டுப் பாத்தா, மூணு வருஷம் ஆகியும், பானை உள்பக்கம் மாதிரி வழவழன்னு இருக்கு.

அது எங்க தப்பு. நடவு அன்னைக்கு கடைசி ரெண்டு மணி நேரத்துல அவசரப்பட்டது. அதை எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், ஆனா அந்த ரெண்டு மணி நேரத்தை மட்டும் சொன்னா பாதிக் கதைதான் வரும், அதனால மண்ணை ரெடி பண்ண ஆரம்பிச்சதுல இருந்தே சொல்றேன். குடும்பமா சேர்ந்து சின்னதா ஒரு ஒயினரி வைக்கணும், நம்ம திராட்சையிலயே ஒயின் போடணும்னு யோசிக்கிறவங்களுக்கு இது உதவும்னு நம்புறேன்.

முதல்ல கணக்கு. இதை நிலத்துல இருந்து ஆரம்பிக்காம பாட்டில்ல இருந்து பின்னாடி போட்டோம், அது நல்லதா போச்சு. ஒயின் பீப்பாய் வழக்கமா 225 லிட்டர், அது 750 மில்லி பாட்டில்ல 300 வரும். ஒரு கிலோ திராட்சையில சக்கை, கசடு எல்லாம் போக ஏறக்குறைய 0.6ல இருந்து 0.7 லிட்டர் ஒயின் நிக்கும், அப்ப ஒரு பீப்பாய்க்கு 350 கிலோ பழம் வேணும். ஒயினுக்கு வளக்குற கொடியில பழத்தை அள்ளிக் குவிக்க மாட்டாங்க, கொடிக்கு 2, 3 கிலோன்னு வச்சா பழத்துல சாரம் இருக்கும். எங்களுக்கு வருஷத்துக்கு நாலஞ்சு பீப்பாய் போதும், அதுக்கு மேல போனா வேலைக்கு ஆள் வைக்கணும், குடும்பமா பண்றதுங்கிறதே போயிடும். அப்படிப் பாத்து 760 கொடின்னு முடிவு பண்ணோம், வரிசைக்கு 40, மொத்தம் 19 வரிசை. வரிசைக்கு நடுவுல 3 மீட்டர், கொடிக்கு கொடி 1.5 மீட்டர். டிராக்டர் திரும்புறதுக்கு ரெண்டு முனையிலயும் 7 மீட்டர் விட்டோம், ஆக ஒரு ஏக்கரைக் கொஞ்சம் தாண்டுச்சு. அந்தத் திரும்புற இடத்தை நிறைய பேர் கணக்குல விட்டுடுறாங்க, அப்புறம் கடைசிக் கம்பத்துல டிராக்டர் இடிக்கும்.

இன்னொண்ணு, எந்த ஊரா இருந்தாலும் ஒயின் தயாரிக்க, விக்க அனுமதி கிடைக்குமா, அந்த நிலத்துல அந்தக் கட்டடம் கட்ட விடுவாங்களான்னு மண்வெட்டி எடுக்குறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. கொடி நட்டு மூணு வருஷம் கழிச்சு கேட்டுக்கலாம்னு விடுற விஷயம் இல்ல அது.

சரி, மண்ணுக்கு வரேன். மேல் மண்ணை மட்டும் சாம்பிள் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு இருந்துடலாம்னுதான் நானும் நினைச்சேன். திராட்சை வேர் சாதாரணமா ஒரு மீட்டருக்கு கீழ போற வேர், அங்க என்ன இருக்குன்னு தெரியாம மேல் அரை அடியைப் பாத்து என்ன பிரயோஜனம்னு மண் பரிசோதனை பண்ற ஒரு அக்கா கேட்டாங்க. அதனால மெஷின் வச்சு நிலத்துல நாலு இடத்துல ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு குழி வெட்டினோம், ஆள் இறங்கி நின்னு சுவரைப் பாக்குற அளவுக்கு அகலமா. இறங்குறப்ப மேல ஒருத்தர் நிக்கணும், மண் சரியும், இதுல அலட்சியம் வேண்டாம்.

அந்தக் குழிக்குள்ள நின்னு கத்தியால சுவரைக் குத்திக்கிட்டே கீழ வந்தப்பதான் நிலம்னா என்னன்னே எனக்குப் புரிஞ்சுச்சு. மேல ஒரு சாண் கறுப்பா, பொலபொலன்னு, கத்தி வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்குச்சு. அதுக்குக் கீழ ஒரு முக்கால் அடிக்கு கத்தி உள்ளயே போகலை. வருஷக்கணக்கா ஒரே ஆழத்துல உழுது உழுது கலப்பையோட அடிப்பகுதி அமுக்கி அமுக்கி இறுகின தட்டு அது. புல்லு வேர் எல்லாம் அந்தத் தட்டு வரைக்கும் நேரா வந்து அங்க போய் படுக்கைவாக்குல திரும்பியிருந்துச்சு. அதைத் தாண்டினா செம்மண் கலந்த நல்ல மண்ணு, ஒரு வேர்கூட இல்லாம சும்மா கிடக்கு! மாமா குழிக்குள்ள இறங்கி அந்த மண்ணை ஒரு பிடி எடுத்து மோந்து பாத்துட்டு "இவ்ளோ நாள் பூட்டி வச்ச வீடு மாதிரில்ல இருக்கு மாப்ள"ன்னாரு.

மூணு குழி அப்படி. நாலாவது குழி, நிலத்தோட பள்ளமான மூலையில வெட்டினது, வேற கதை. ரெண்டரை அடிக்குக் கீழ மண்ணு சாம்பல் நிறத்துல, நடுநடுவுல துருப்பிடிச்ச மாதிரி ஆரஞ்சுப் புள்ளி. வருஷத்துல பல நாள் தண்ணி தேங்கி காத்து போகாத மண்ணுக்கு அதுதான் அடையாளம், மேல பாத்தா காய்ஞ்ச புல்லுதான் தெரியும். சந்தேகத்துக்கு சின்னக் குழி ஒண்ணு போட்டு தண்ணி ஊத்தி, முதல் தடவை இறங்கினதும் மறுபடி நிரப்பிட்டு காலையில வந்து பாத்தா தண்ணி அப்படியே நிக்குது. அந்த மூலையில ஓட்டை போட்ட குழாயைப் புதைச்சு தண்ணியை வெளிய எடுக்கலாம், நிறைய பேர் பண்றாங்க. நாங்க நடவே வேண்டாம்னு விட்டுட்டோம். குளிர்ந்த காத்து கனமானது, ராத்திரியில சரிஞ்சு வந்து பள்ளத்துலதான் தங்கும், உறைபனி விழுற இடமா இருந்தா முதல்ல கருகுறது பள்ளத்துல இருக்கிற துளிர்தான். ரெண்டு காரணமும் சேர்ந்ததால மனசு ஆறிடுச்சு. இப்ப அங்கதான் டிராக்டர் திரும்புது.

டெஸ்ட் ரிசல்ட் மேல் மண்ணு 5.4 பி.ஹெச், கீழ் மண்ணு 4.9ன்னு வந்துச்சு (பி.ஹெச் 7க்கு கீழ குறையக் குறைய மண்ணு புளிப்புன்னு அர்த்தம்). திராட்சைக்கு 6ல இருந்து 6.8 வரை வசதி. 5க்கு கீழ போனா மண்ணுல இருக்கிற அலுமினியம் கரைய ஆரம்பிச்சு வேர் நுனியை மொட்டையாக்கிடும், எவ்ளோ உரம் போட்டாலும் வேர் எடுக்காது. இதுக்கு சுண்ணாம்புதான் மருந்து, ஆனா சுண்ணாம்பு மண்ணுல தானா கீழ இறங்காது, இறங்கினாலும் வருஷத்துக்கு ஒரு விரல் கணக்குதான். பாஸ்பரஸும் அப்படித்தான், போட்ட இடத்துலயே உக்காந்துக்கும். கொடி நட்டு கம்பி கட்டினதுக்கு அப்புறம் ரெண்டு அடி ஆழத்துல கலக்க முடியுமா? முடியாது. நைட்ரஜன் குறைஞ்சா எந்த வருஷமும் மேல போட்டுக்கலாம், சுண்ணாம்பும் பாஸ்பரஸும் நடவுக்கு முன்னாடி விட்டா விட்டதுதான். உரம் போடுறோம்னு பொட்டாஷை அள்ளிக் கொட்டிடாதீங்க, பொட்டாசியம் ரொம்ப ஏறினா பழச்சாறோட பி.ஹெச் ஏறி ஒயின் சப்புன்னு போகும், சீக்கிரம் கெடவும் கெடும்.

இந்த இடத்துலதான் வீட்ல பெரிய வாக்குவாதம். சுண்ணாம்பு போட்டு, இறுகின தட்டை உடைச்சு, மண்ணுக்கே உரமாகுற பசுந்தாள் பயிர் விதைச்சு மடக்கி உழுது, அப்புறம் நடவுன்னா குறைஞ்சது ஒரு வருஷம் நிலம் சும்மா கிடக்கும். நட்டதுக்கு அப்புறமே பழத்துக்கு மூணு வருஷம். "ஒரு வருஷம் வீணா போகுதே மாப்ள, எனக்கு இப்பவே அறுபத்தெட்டு, நட்டுட்டே சரி பண்ணிக்கலாமே"ன்னு மாமா கேட்டப்ப எனக்கு பதில் சொல்ல வாய் வரலை. என் மனைவிதான் பேசினா. "நல்லா நட்ட கொடி முப்பது நாப்பது வருஷம் நிக்கும்ப்பா, உங்க பேரன் கவாத்து பண்ணப் போறதுக்கு நாம ஒரு வருஷம் கணக்குப் பாக்கணுமா"ன்னா. அவரு கொஞ்ச நேரம் நிலத்தையே பாத்துட்டு நின்னாரு, அடுத்த நாள் காலையில சுண்ணாம்பு மூட்டை இறக்க அவருதான் முதல்ல வந்தாரு.

சுண்ணாம்பை ரெண்டா பிரிச்சு பாதி முதல்ல தூவிட்டு ஆழமா உழுதோம், மிச்சப் பாதியை உழுததுக்கு அப்புறம் தூவி மேல கலந்தோம். நைசா அரைச்சதா பாத்து வாங்குங்க, மொறமொறன்னு இருக்கிறது கரைஞ்சு வேலை செய்ய வருஷக்கணக்கா ஆகும். இறுகின தட்டை உடைக்க ரிப்பர், ஒத்தை உளிப்பல்லு, 75 சென்டிமீட்டர் ஆழம், முதல்ல வரிசை வரப்போற திசையில, அப்புறம் குறுக்கால. இதுல ஒரே ஒரு விஷயத்தை கெட்டியா பிடிச்சுக்கோங்க, மண்ணு காய்ஞ்சு இருக்கணும். ஈரத்துல ரிப்பர் விட்டா மண்ணு உடையாது, கத்தி கேக்கை வெட்டுற மாதிரி ஒரு கோடு போட்டுட்டு ரெண்டு பக்கமும் வழிச்சு விட்டுட்டுப் போயிடும், மறு மழையில மூடிக்கும். அந்த ஆழத்து மண்ணை கொஞ்சம் எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல உருட்டிப் பாருங்க, நூல் மாதிரி திரிஞ்சு வந்தா ஈரம் அதிகம், பொலபொலன்னு உதிர்ந்தா ஆரம்பிக்கலாம். எங்களுக்கு மெஷின் வர வேண்டிய வாரத்துல மழை பேஞ்சுச்சு, திருப்பி அனுப்பிட்டு அஞ்சு வாரம் காத்திருந்தோம். காய்ஞ்சப்புறம் ஓட்டினப்ப மேல் மண்ணு ரெண்டு பக்கமும் அலை மாதிரி தூக்கி விழுறதைப் பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

உழுதப்ப வந்த பழைய மரவேரெல்லாம் பொறுக்கி எடுத்தோம், விரல் மொத்தத்துக்கு இருந்தாகூட. செத்த வேர்ல இருக்கிற அழுகல் பூஞ்சாணம் பல வருஷம் உயிரோட இருந்து புதுக் கொடிக்கு ஏறும். அதே மாதிரி அருகம்புல்லு, கோரை ரெண்டையும் இந்த ஒரு வருஷத்துல ஒழிச்சுட்டாதான் உண்டு, கொடி வரிசைக்குள்ள அது வந்துட்டா குனிஞ்சு நிமிர்ந்தே வாழ்க்கை போயிடும்.

பசுந்தாளுக்கு சணப்பை விதைச்சோம். நிலத்துல முன்னாடி காய்கறி போட்டிருந்ததால வேர்முடிச்சு நூற்புழு இருக்கான்னு தனியா டெஸ்ட் எடுத்தோம், கொஞ்சம் இருந்துச்சு. சணப்பை அந்தப் புழுவை அடக்கும், மண்ணுக்கு நைட்ரஜனும் தரும், பூ எடுக்க ஆரம்பிக்கிறப்ப மடக்கி உழணும், விட்டா தண்டு நாரா முத்திடும், மக்காது. பழைய திராட்சைத் தோட்டத்தை அழிச்சு அதே இடத்துல நடுறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், வைரஸைக் கொடிக்குக் கொடி கடத்துற வேற ஒரு வகை நூற்புழு இருக்கு, பழைய வேர்த்துண்டை ஒட்டி மண்ணுல வருஷக்கணக்கா தங்கும். அங்க சில வருஷம் சும்மா போடுறதுதான் நல்லது.

இந்தக் காத்திருப்பு ஒரு வருஷத்துல முடிஞ்சிருக்கணும், ஒன்றரை வருஷமானதுக்கு காரணம் கன்னு. எட்டு மாசம் முன்னாடி ஒரு நர்சரியில ஆர்டர் கொடுத்தோம், கடைசி நேரத்துல நீங்க கேட்ட வேர்ச்செடி இல்ல, வேற ஒண்ணுல கட்டினது இருக்கு, அதுவும் நல்லாத்தான் வரும், எடுத்துக்கோங்கன்னாங்க. வேர்ச்செடின்னா என்னன்னு புதுசா வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். 1860கள்ல அமெரிக்காவுல இருந்து போன பைலாக்ஸெரான்னு ஒரு பொடிப் பூச்சி பிரான்ஸ் நாட்டு திராட்சைத் தோட்டங்களை வேர்ல இருந்தே அழிச்சுச்சு. 1868ல பிளான்ஷோன்னு ஒரு தாவரவியல் அறிஞரும் அவரோட போனவங்களும் வேரைத் தோண்டிப் பாத்துதான் அந்தப் பூச்சியைக் கண்டுபிடிச்சாங்க. மருந்து எதுவும் சரியா வேலை செய்யலை, கடைசியில அந்தப் பூச்சியோடயே பழகின அமெரிக்க காட்டுத் திராட்சையோட வேர் மேல ஒயின் திராட்சையை ஒட்டுக்கட்டிதான் தப்பிச்சாங்க. அடியில இருக்கிற அந்த வேர்ப் பாகம்தான் வேர்ச்செடி. இன்னைக்கும் உலகத்துல பெரும்பாலான ஒயின் திராட்சை அப்படித்தான் நடுறாங்க.

எந்த வேர்ச்செடிங்கிறது மண்ணைப் பொறுத்தது. 110ஆர்ங்கிற வேர்ச்செடி வறட்சியைத் தாங்கும், தண்ணி தேங்கினா கஷ்டப்படும். 1103 பால்சன் வறட்சியோட உப்பையும் ஓரளவு தாங்கும். 101-14 ஈர மண்ணுல சமாளிக்கும், கொடியை ரொம்ப முறுக்கா வளர விடாது. சுண்ணாம்பு அதிகமா இருக்கிற மண்ணுக்கு 41பி. எங்க நிலம் சரிவு, வடிகால் உண்டு, தண்ணி அளவா இருக்கு, அதனால 110ஆர் கேட்டோம். கலிபோர்னியாவுல ஏஎக்ஸ்ஆர்1னு ஒரு வேர்ச்செடி, நட்டா ஈசியா வரும், நல்ல காய்ப்புன்னு பெரிய அளவுல நட்டாங்க, அதோட ஒரு பக்கத்து வம்சம் ஐரோப்பிய திராட்சை, பூச்சியை முழுசா தாங்கலை, 1980கள்ல நாபா, சொனோமா பக்கம் கொடிங்க சரிய ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாச்சு. இதைப் படிச்சிருந்ததால "இதுவும் நல்லாத்தான் வரும்"ங்கிற வார்த்தையை நாங்க ஏத்துக்கலை. அட்வான்ஸை அடுத்த பருவத்துக்கு மாத்திக் கொடுக்கச் சொல்லி, வைரஸ் இல்லைன்னு சான்றிதழ் இருக்கிற கன்னா எழுதி வாங்கிட்டு, நிலத்துல இன்னொரு தடவை பசுந்தாள் போட்டோம். இலைச்சுருள் வைரஸ் கன்னோட வந்துச்சுன்னா அதுக்கு மருந்தே கிடையாது, கறுப்பு ரகத்துல இலை சிவந்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், பழம் சரியா பழுக்காது, மாவுப்பூச்சி வழியா பக்கத்துக் கொடிக்கும் போகும். கன்னுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே ஆர்டர் கொடுங்க, எட்டு மாசம் பத்தாது.

ரகத்துல ஆசைப்பட்டு அஞ்சு ரகம் லிஸ்ட் போட்டிருந்தோம். அப்புறம் கணக்கு பாத்தா ரகத்துக்கு 150 கொடி, 300 சொச்சம் கிலோ, ஒவ்வொண்ணும் வேற வேற நாள் பழுக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித் தொட்டி, தனி நொதிப்பு, தனி சுத்தம். மருந்து அடிக்கிற நாளும் தனித்தனி. ரெண்டே ரகத்துல நிறுத்தினோம், சிரா (கறுப்பு) 12 வரிசை, ஷெனின் பிளாங்க் (வெள்ளை) 7 வரிசை.

நடவுக்கு ஒரு மாசம் முன்னாடி நிலத்துல அளவு போட்டோம். வரிசை வடக்கு தெற்கா போனா காலை வெயில் ஒரு பக்கம், சாயந்திர வெயில் இன்னொரு பக்கம்னு ரெண்டு பக்கப் பழத்துக்கும் வெளிச்சம் பிரியும். ரொம்பச் சரிவா இருந்தா மட்டும் மண் அரிப்பைப் பாத்து சரிவுக்கு குறுக்கால போகணும். மூலை மட்டத்துக்கு பழைய 3, 4, 5 கணக்குதான், கயித்துல 3 மீட்டர், 4 மீட்டர் அளந்து குறுக்கால 5 மீட்டர் வந்தா மூலை சரி. நாங்க 6, 8, 10ன்னு பெருசா போட்டோம், தப்பு குறையும். இதுக்கு ரெண்டு முழு நாள் ஆச்சு. நடக்கிறப்ப எந்தப் பக்கம் பாத்தாலும் வரிசை நேர்கோடா தெரியுறதுக்காக மட்டும் இல்ல, கம்பி கட்டுறப்ப கம்பம் ஒரு சாண் விலகினாலும் கம்பி கொடியை இழுக்கும்.

முனைக்கம்பமும், சொட்டு நீர்க் குழாயும், ஒரு கம்பியுமாவது நடவுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. எங்களுக்கு நடுக்கம்பம் லேட்டா வந்துச்சு, நட்ட அப்புறம் 6 மீட்டருக்கு ஒண்ணுன்னு அடிச்சதுல பதினோரு கன்னு போச்சு. நடுக்கம்பம் 2.4 மீட்டர், 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ள. முனைக்கம்பம் அதைவிட மொத்தமா, 90 சென்டிமீட்டர் உள்ள போய், பின்னாடி மண்ணுல நங்கூரம் போட்டு இழுத்துக் கட்டணும். கம்பி இழுவை, பழத்து எடை, காத்து எல்லாமே அந்த முனையிலதான் வந்து சேரும், காசை மிச்சம் பிடிக்கணும்னா வேற எங்கயாவது பிடிங்க, முனைக்கம்பத்துல வேண்டாம். முதல் கம்பி 90 சென்டிமீட்டர் உயரத்துல, அதுக்கு மேல குச்சியை ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடிக்க ஜோடிக் கம்பி.

நடவு நாள். கன்னுங்க மண்ணில்லாம, இலையில்லாம, ஈரத் துணியில சுத்தி, கட்டுக் கட்டா வந்துச்சு. முந்தின நாள் சாயந்திரமே வேரைத் தண்ணியில ஊற வச்சோம், ஒரு நாளுக்கு மேல ஊறக்கூடாது, வேருக்கு மூச்சு முட்டும். வாளியில இருந்து எடுத்து நேரா குழிக்குள்ள போகணும், வெயில்ல கொஞ்ச நேரம் கிடந்தாலே மெல்லிய வேர் முறுகிடும். உடைஞ்ச வேர், ரொம்ப நீள வேரை மட்டும் வெட்டிட்டு, குழிக்கு அடியில சின்னதா ஒரு மண் மேடு கட்டி அது மேல வேரைக் குடை மாதிரி விரிச்சு உக்கார வச்சு, பாதி மண்ணு போட்டு, காலால மெதுவா அமுக்கி, தண்ணி விட்டு, மிச்ச மண்ணு. குழிக்குள்ள உரம் எதுவும் போடலை, இளவேரை அது சுட்டுடும். ஒட்டு இருக்கிற இடம் மண்ணுக்கு மேல 10ல இருந்து 15 சென்டிமீட்டர் நிக்கணும். ஆழமா உழுத மண்ணு முதல் மழையில உக்காரும், செடியும் அதோட இறங்கும், அதனால கொஞ்சம் தூக்கியே வச்சோம். ஒட்டு மண்ணுக்குள்ள போயிட்டா மேல் ரகமே சொந்தமா வேர் விட்டு, வேர்ச்செடிக்குக் கொடுத்த காசு, காத்திருப்பு எல்லாம் இல்லாம போயிடும். கடுங்குளிர் ஊர்ல மட்டும் குளிர்காலத்துக்கு மண்ணைக் கூட்டி ஒட்டை மூடி வைப்பாங்க, அப்புறம் எடுத்துடுவாங்க.

முதல் நாள் காலையில இருந்து சாயந்திரம் வரை எட்டு வரிசை, ரெண்டாவது நாள் மதியத்துக்குள்ள இன்னும் ஏழு, ஒவ்வொரு குழியும் மண்வெட்டியால. அப்ப மழை மேகம் கூடுச்சு. உதவிக்கு வந்தவங்க கிளம்பணும், ஊறின கன்னு 160 இன்னும் வாளியில கிடக்கு, இன்னைக்கு விட்டா போச்சு. பக்கத்துல ஒருத்தர்கிட்ட டிராக்டர்ல மாட்டுற குழி போடுற திருகு இருந்துச்சு, வாங்கிட்டு வந்து 160 குழியையும் முக்கால் மணி நேரத்துல போட்டோம். அதுக்குள்ள தூறல் விழுந்து மண்ணு ஈரம். ஈரமான களி மண்ணுல திருகு சுத்துறப்ப குழிச் சுவரை மெழுகி விட்டுடும், வேர் அதைத் துளைக்காது, கம்பியாலயோ மண்வெட்டி முனையாலயோ சுவரைக் கீறி விடணும். எங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சும் கீறலை. குழி குறுகல் வேற, வேரை விரிக்க இடமில்லாம சொருகி, செடியை லேசா மேல தூக்கி நிமித்தாமயே மண்ணைத் தள்ளினோம். இருட்டுறதுக்குள்ள முடிச்சுட்டோம்னு எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போனோம்.

வாளியில இருந்த 160 கன்னையும் ஈர மண்ணு நிரப்பி ஒரு பள்ளத்துல சாய்ச்சு வேரை மூடி வச்சிருந்தா ஒரு ரெண்டு வாரமாவது தாங்கியிருக்கும். அன்னைக்கு யாருக்குமே அது தோணலை, எனக்கு இப்பவும் அதுதான் உறுத்துது.

நட்டதும் எல்லாக் கன்னையும் ரெண்டு மொட்டு விட்டு வெட்டினோம், மனசு வராது, ஆனா வெட்டணும். முதல் வருஷம் வேருக்கு, ரெண்டாவது வருஷம் தண்டுக்கும் கம்பியில படர்ற கைக்கும். ரெண்டாவது வருஷத்துலயே குட்டிக் குட்டியா கொத்து வரும், அதையும் கிள்ளிப் போட்டோம், மாமா மட்டும் ஒரு கொத்தை இலைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாரு, பாத்தும் பாக்காத மாதிரி விட்டுட்டேன். வரிசையில ஒரு மீட்டர் அகலத்துக்கு களை இல்லாம வச்சுக்கிட்டோம், சின்னச் செடிக்கு அதுதான் பெரிய உதவி.

ரெண்டாவது வருஷம் வேலியோரம் மூணு வரிசையில இலை எல்லாம் விசிறி மாதிரி சுருங்கி, நரம்பு நெருங்கி வந்துச்சு. வைரஸ்தான்னு பயந்து ராத்திரி தூக்கமில்ல. கடைசியில பாத்தா பக்கத்து வயல்ல தானியப் பயிருக்கு களைக்கொல்லியா 2,4-டி அடிச்சிருக்காங்க, காத்துல வந்திருக்கு. திராட்சை அதுக்கு ரொம்ப மென்மையான செடி, தூரத்துல இருந்து வர்ற ஆவியே போதும். அவர்கிட்ட போய் சொன்னப்ப அவருக்கு அது தெரியவே தெரியாது, நாங்க நடவுக்கு முன்னாடியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். இப்ப அடிக்கிறதுக்கு முன்னாடி போன் பண்றாரு, காத்து எங்க பக்கம் வீசினா தள்ளிப் போடுறாரு. கொடி மூணு வருஷத்துல மீண்டுடுச்சு.

மூணாவது வருஷ அறுப்பு 410 கிலோ, பெரும்பாலும் முதல் 15 வரிசையில இருந்து. ரெண்டு ரகத்தையும் தனித்தனியா நொதிக்க விட்டோம், சிராவுல ஒரு பீப்பாய் நிறைய வரலை, சின்னப் பீப்பாய்தான். மரம் குடிக்கிறது, ஆவியாகிறதுன்னு பீப்பாய் குறைஞ்சுக்கிட்டே வரும், மேல நிரப்ப தனியா கொஞ்சம் ஒயின் கண்ணாடி ஜாடியில எடுத்து வைக்கணும், அதையும் அறுப்புக் கணக்குல சேத்துக்கோங்க.

கடைசி நாலு வரிசைக்கு வரேன். 160ல 112ஐ எடுத்துட்டோம், மிச்சம் எப்படியோ சுவரைத் துளைச்சு வெளிய வந்த கொடிங்க, அதை விட்டுட்டோம். எடுத்த இடத்துல குழியை மூணு மடங்கு அகலமா கையால வெட்டி, வழவழப்பான பழைய சுவரை முழுசா உடைச்சு, ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல நடுறதில்லைன்னு வச்சு நாலு நாள்ல நட்டோம். பக்கத்துக் கொடி வேர் ஏற்கனவே பரவியிருக்கும், புதுக் கன்னு அதோட போட்டி போட முடியாது, அதனால அந்த இடத்துக்கு மட்டும் தனிச் சொட்டுவான் போட்டு ரெண்டு வருஷம் கூடுதல் தண்ணி. போன வாரம் நானும் மாமாவும் எண்ணினோம், 112ல 97 கம்பியைத் தொட்டுடுச்சு. தோண்டின அந்த வளைஞ்ச வேரை மாமா தூக்கிப் போடலை, பீப்பாய் இருக்கிற ரூம்ல ஆணியில தொங்குது, உதவிக்கு யாரு புதுசா வந்தாலும் முதல்ல அதைத்தான் எடுத்துக் காட்டுறாரு.